மஞ்சள் வண்டிக்கு வந்த இருமல்

மூன்றாவது சிக்னலில் வண்டி மறுபடியும் இருமியது.

சாதாரண இருமல் இல்லை. முதலில் தொண்டை அடைத்த மாதிரி 'கக்' என்று ஒரு சத்தம். பிறகு முதுகுத்தண்டு வரைக்கும் குலுங்கும் இரண்டு உதறல். கடைசியில் பின்குழாய் வழியாக 'டப்' என்று ஒரு வெடி. நடைபாதையில் போய்க்கொண்டிருந்த ஒருவர் இரண்டு கைகளாலும் தலையை மூடிக்கொண்டு குனிந்தார்.

பக்கத்தில் நின்ற சைக்கிள்காரர் கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தார். "ஸ்போர்ட்ஸ் காரா சார்?"

"ஆமா. டர்போ."

"சளி பிடிச்சிருக்கு போல," என்றார் அவர். விளக்கு பச்சையானதும் வண்டியை முந்திக்கொண்டு போயே விட்டார்.

வேறு யாராக இருந்தாலும் அவமானத்தில் சுருங்கியிருப்பார்கள். வண்டியை ஓட்டிவந்த லேப்காரருக்கு அப்படி எதுவும் தோன்றவில்லை. அவருக்குத் தோன்றியது ஒரே கேள்விதான்: ஏன் இருமுகிறது? 'ஏன்' என்கிற வார்த்தை தலைக்குள் புகுந்துவிட்டால் அதற்குப் பதில் கிடைக்கிறவரை அவருக்குச் சாப்பாடு இறங்காது.

அவர் இருபத்தாறு வருஷமாகப் பரிசோதனைக்கூடம் நடத்துகிறவர். ரத்தம், சிறுநீர், சளி என்று மனிதர்கள் தரக்கூடிய அத்தனையையும் கண்ணாடிக் குழாயில் வாங்கி, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, உண்மையைக் கறந்துவிடுவார். வீட்டில் யாருக்காவது உடம்பு சுட்டால் மற்ற வீடுகளில் மாத்திரை தேடுவார்கள். இவர் ஊசி தேடுவார். அந்தப் பயத்திலேயே அவர் வீட்டில் பல காய்ச்சல்கள் வெளியே சொல்லப்படாமல் தானாக வந்து தானாகப் போயிருக்கின்றன.

அப்படிப்பட்டவர் ஐம்பத்திரண்டாவது வயதில் ஒரு மஞ்சள் நிற ஸ்போர்ட்ஸ் கார் வாங்கினார். வெளிநாட்டுக்குக் குடிபோன ஓர் இன்ஜினியர் விற்றுவிட்டுப் போனது. இரண்டே கதவு. இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ள, கம்பெனி கொடுத்ததைவிடப் பெரிய டர்போ. முன்பக்கம் மீன்வாய் மாதிரி திறந்திருக்கும் இடத்தில் காற்றைக் குளிர வைக்க ஓர் இன்டர்கூலர். பின்னால் முழங்கை வரை நுழையக்கூடிய குழாய். மனைவி சண்டைக்கு வரக்கூடாது என்பதற்காக வண்டியை அவள் பேரிலேயே பதிவு செய்தார்.

அவள் காகிதத்தை வாங்கிப் படித்துப் பார்த்தாள். "பேர் என்னுது, ஆசை உங்களுதா?" என்றாள். ஒரே ஒருநாள் அவரோடு வந்தாள். பதினைந்து நிமிஷத்தில், "ஏங்க, இறக்கி விட்டுடுங்க, நான் நடந்தே வீட்டுக்குப் போயிடறேன்," என்றாள். அதோடு அவர் பக்கத்து சீட்டில் அவள் உட்காரவே இல்லை.

லேப்காரர் வண்டியை ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் எடுப்பார். மணிக்கு நாற்பதைத் தாண்ட மாட்டார். மற்ற நாட்களில் வண்டிக்கு வேலையில்லை. வெறும் வயிற்றோடு ரத்தம் கொடுக்க வருகிறவர்களுக்காக அவர் காலை ஐந்தரைக்கே இரண்டு தெரு தள்ளியிருந்த லேபுக்கு நடந்து போய்விடுவார். வீடு திரும்ப மூன்று மணி ஆகும். மனைவி மாலை நேரக் கல்லூரியில் பொருளாதாரம் நடத்துகிறவள். நாலு மணிக்கு அவள் பஸ் பிடிப்பாள்.

இருமலுக்கு முதலில் பார்த்தது 'காது'.

காது என்பது மெக்கானிக்கின் பட்டப்பெயர். இன்ஜினின் மேல் ஒரு நீளமான ஸ்க்ரூடிரைவரின் நுனியை வைத்து, அதன் கைப்பிடியைக் காதில் பொருத்தி, கண்ணை மூடிக்கொள்வார். லேப்காரருக்கு அது பிடித்திருந்தது. ஸ்டெதாஸ்கோப் மாதிரி இருந்தது.

"பிளக்," என்றார் காது, கண்ணைத் திறக்காமல்.

"எப்படிச் சொல்றீங்க?"

"சத்தம் சொல்லுது."

"டெஸ்ட் ஏதாவது எடுத்துப் பார்த்துட்டு..."

"சார், இந்தக் காதுதான் டெஸ்ட்."

பிளக்குகளைக் கழற்றிக் காட்டினார். நாலும் கரியில் முக்கி எடுத்த மாதிரி இருந்தன.

"ஏன் கரி பிடிச்சிருக்கு?" என்று கேட்டார் லேப்காரர்.

காது அவரை இரக்கத்தோடு பார்த்தார். "கரின்னா பிடிக்கும் சார். அதான் அதோட வேலை."

புது பிளக் போட்டதும் இருமல் நின்றது. அன்று முழுக்க வண்டி வெண்ணெய் மாதிரி போயிற்று. லேப்காரர் ஒரு நோட்டு எடுத்து, முதல் பக்கத்தில் 'நோயாளி: மஞ்சள் வண்டி' என்று எழுதி, தேதி போட்டு, 'குணம்' என்று குறித்து வைத்தார்.

அடுத்த ஞாயிறு வண்டி மறுபடி இருமியது. போன ஞாயிறு மாலை வாய் வரைக்கும் நிரப்பிய பெட்ரோல் வேறு பாதிக்குக் கீழே இறங்கியிருந்தது.

"பெட்ரோல் தெளிக்கிற இன்ஜெக்டர் ஒழுகுது," என்றார் காது.

லேப்காரர் அதை அப்படியே நம்பிவிடவில்லை. வண்டிக்கு அடியில் வெள்ளைத் துணி விரித்து வைத்தார். இரண்டு நாள் கழித்துக் குனிந்து பார்த்தார். துணியில் ஒரு பொட்டுக்கூட இல்லை. மோந்தும் பார்த்தார்.

மாடியிலிருந்து மனைவி கேட்டாள். "தரையில படுத்துக்கிட்டு என்ன பண்றீங்க?"

"சாம்பிள் எடுக்கிறேன்."

"அந்த வண்டியை அது பாட்டுக்கு விடுங்களேன். சும்மா இருக்கிறதைப் போட்டு நோண்டி நோண்டி..."

அவளுக்கு இந்த வண்டியின் மேல் ஆரம்பத்திலிருந்தே ஒட்டுதல் இல்லை என்று நினைத்துக்கொண்டார் லேப்காரர்.

துணியின் முடிவைக் காதிடம் சொன்னார். காது அசரவில்லை. "வெளிய ஒழுகினா துணியில தெரியும். இது உள்ளுக்குள்ள ஒழுகுது." பெட்ரோல் போகிற அழுத்தத்தை ஒரு திருகைத் திருகிக் குறைத்தார். "குடியைக் குறைச்சுட்டேன். இனிமே அளவாக் குடிக்கும்."

அளவாகக் குடித்தது. ஆனால் மேட்டில் ஏறும்போது இன்ஜினுக்குள் யாரோ கோலிகுண்டுகளைக் கொட்டிக் குலுக்குகிற மாதிரி 'கட கட கட' என்று ஒரு சத்தம் வந்தது. சூடு காட்டும் முள் சிவப்புக்கு ஏறியது.

மூன்றாவது மர்மம் மீட்டரில் இருந்தது. லேப்காரர் எதையும் குறித்து வைக்கிறவர். போன ஞாயிறு அவர் ஓட்டியது நாற்பத்துமூன்று கிலோமீட்டர். இந்த ஞாயிறு காலை வண்டியில் உட்கார்ந்தபோது மீட்டர் அன்று நிறுத்தும்போது குறித்ததைவிட நூற்றெண்பது கிலோமீட்டர் கூடக் காட்டியது.

"சக்கரம் அளவு மாத்தின வண்டி சார்," என்றார் காது. "மீட்டருக்குப் பாவம் என்ன தெரியும்? அது பழைய சக்கரக் கணக்குல ஓடும்."

"நின்னுக்கிட்டிருக்கும்போதுமா ஓடும்?"

காது ஸ்க்ரூடிரைவரைப் பையில் செருகினார். "மாடிஃபை பண்ணின வண்டில எதையும் சொல்ல முடியாது." உள்ளே கையை விட்டு ஏதோ ஒரு ஒயரைப் பிடுங்கினார். மீட்டர் நின்றது. கூடவே மஞ்சளும் சிவப்புமாக ஐந்து எச்சரிக்கை விளக்குகள் எரிய ஆரம்பித்தன. வண்டி நொண்டத் தொடங்கியது. வீட்டுக்கு வரும் வழியில் அதே சைக்கிள்காரர் எதிரே வந்து, "இன்னும் தேவலையாகலையா?" என்று விசாரித்துவிட்டுப் போனார்.

இந்தக் கட்டத்தில்தான் மச்சினன் நுழைந்தான்.

மனைவியின் தம்பி. ஆறடி மூன்றங்குலம். கம்ப்யூட்டர் கடையில் விற்பனைப் பிரிவில் இருப்பவன். அதனால் கம்ப்யூட்டர் உள்ள எதுவும் தனக்குக் கட்டுப்படும் என்று நம்புகிறவன். "மாமா, இது பழைய காலத்து வண்டி இல்ல. ஸ்க்ரூடிரைவரைக் காதுல வச்சா என்ன கேட்கும்? இதுக்கு மூளை இருக்கு. மூளையைத்தான் மாத்தணும்."

"மூளைக்கு என்ன ஆச்சுன்னு தெரியாமலேயா மாத்தறது?"

"புது மூளையே போட்டுட்டா பழைய மூளைக்கு என்ன ஆனா என்ன?"

இன்டர்நெட்டில் யாரோ முகம் தெரியாதவர் போட்டிருந்த ஒரு ஃபைலை மடிக்கணினியில் இறக்கி, வண்டியின் கம்ப்யூட்டருக்குள் ஏற்றினான். சாவியைத் திருப்பினான்.

வெடித்தது. ஒருமுறை இல்லை. காலை எடுத்தால் 'டப்', வைத்தால் 'டப டப', சும்மா நின்றால் தனக்குத்தானே ஏதோ ஞாபகம் வந்த மாதிரி 'டமார்'. எதிர்வீட்டு ஜன்னல்கள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டன.

மனைவி மாடியிலிருந்து செருப்புக்கூடப் போடாமல் ஓடி வந்தாள். முகம் வெளுத்திருந்தது.

"என்ன பண்ணீங்க அதை?"

"மூளையை மாத்தினோம் அக்கா."

"யாரைக் கேட்டுடா மாத்தினே?"

"மாமாவைக் கேட்டுத்தான்."

அவள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். விறுவிறுவென்று உள்ளே போய்விட்டாள். அன்று சாம்பாரில் உப்பு இல்லை. யாரும் அதைச் சுட்டிக்காட்டவில்லை.

ஆனால் அதற்கடுத்த ஞாயிறு நடந்ததுதான் லேப்காரரை உலுக்கியது. சாவியைத் திருப்பினார். வெடிச்சத்தம் இல்லை. எச்சரிக்கை விளக்குகள் ஐந்தும் அணைந்திருந்தன. மீட்டர் வேலை செய்தது. மேட்டில் கோலிகுண்டுச் சத்தம் இல்லை. எல்லாம் தானாகவே சரியாகியிருந்தது. நாற்பதில் கால் மணி நேரம் ஓட்டியதும் அந்தப் பழைய இருமல் மட்டும் மரியாதையாக வந்து சேர்ந்தது.

"நான் செஞ்ச வேலை செட்டாக ஒரு வாரம் ஆகும் சார்," என்றார் காது.

"புது ஃபைல் மூளைல பதிய டைம் எடுக்கும் மாமா," என்றான் மச்சினன்.

லேப்காரர் இரண்டையும் நோட்டில் எழுதி, இரண்டுக்கும் பக்கத்தில் கேள்விக்குறி போட்டார். சில காய்ச்சல்கள் தானாக இறங்கும். அது அவருக்குத் தெரியும். ஆனால் பிடுங்கின ஒயர் தானாகப் போய் ஒட்டிக்கொள்ளுமா?

அன்று மத்தியானம் மனைவியிடம் கேட்டார். "நான் இல்லாத நேரத்துல யாராவது வண்டியை எடுத்துட்டுப் போறாங்களோ?"

"காலைல முழுக்க நான் இருக்கேன்ல," என்றாள் அவள், வெண்டைக்காய் நறுக்கியபடி. "எனக்குத் தெரியாம யார் எடுக்க முடியும்?"

அதில் நியாயம் இருந்தது. மச்சினனையும் ஒரு வார்த்தை கேட்டுப் பார்த்தார். அவன் சிரித்தான். "மாமா, அதுக்குள்ள உட்கார்ந்தா என் முட்டி ஸ்டியரிங்கைத் தாண்டி நிக்குது. ஹாரன் அடிக்கக்கூட முட்டியாலதான் அடிக்கணும்." அந்தச் சந்தேகத்தையும் லேப்காரர் கோடு போட்டு அடித்தார்.

காது மட்டும் விடவில்லை. "இருமல் நெஞ்சுல இருக்கு சார்," என்று டர்போவிலிருந்து காற்றுப் போகிற குழாயைக் கழற்றி ஊதிப் பார்த்துவிட்டு மறுபடி மாட்டினார். அன்றிலிருந்து இருமலோடு சீட்டியும் சேர்ந்துகொண்டது. வேகமெடுக்க மிதித்தால் 'உய்ய்ய்' என்று சீட்டி வந்தது. வேகம் மட்டும் வரவில்லை.

விடிவு ஒரு டாக்சி டிரைவரின் இடது கையிலிருந்து வந்தது.

செவ்வாய்க்கிழமை காலை, சர்க்கரைக்கு ரத்தம் கொடுக்க வந்தவர் அவர். பேச்சுவாக்கில் வண்டிக் கதையைக் கேட்டதும், "இதுக்கெல்லாம் இன்ஜின் டியூன் பண்ற அந்த டியூனரம்மாகிட்டதான் போகணும் சார்," என்றார். "ஊருக்கு வெளிய, பழைய கிடங்கு ஒண்ணு இருக்குல்ல, அங்க. எடுத்த எடுப்புல ஸ்பேனரைத் தொட மாட்டாங்க. முதல்ல கம்ப்யூட்டரை மாட்டி, உருளை மேல ஓடவிட்டு, அளந்து, எழுதிப் பார்த்து, அப்புறந்தான் கை வைப்பாங்க."

"முதல்ல டெஸ்ட்டா?" லேப்காரர் சட்டென்று நிமிர்ந்தார்.

"டெஸ்ட்டுதான் சார். சார்... ஊசி. ஊசி இன்னும் கைலயே இருக்கு."

மத்தியானத்துக்கு மேல் லேபைப் பூட்டினார். மனைவி பரீட்சை மேற்பார்வைக்காக அன்று சீக்கிரமே கல்லூரிக்குப் போயிருந்தாள். சரிசெய்து கொண்டுவந்து நிறுத்தி ஆச்சரியப்படுத்தலாம் என்று அவளிடம் சொல்லாமலே கிளம்பினார். இருமிக்கொண்டும் சீட்டியடித்துக்கொண்டும் வண்டி ஊரைத் தாண்டியது.

கிடங்கு வாசலில் டியூனரம்மா நின்றிருந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும். கண்ணாடியைத் தலைமேல் ஏற்றி விட்டிருந்தார். முழங்கை வரை கிரீஸ். மஞ்சள் வண்டி உள்ளே நுழைவதைக் கண்டதும் அவர் முகம் மலர்ந்தது. கதவு திறந்து லேப்காரர் இறங்கியதும் மலர்ந்தது பாதியில் நின்றது. மனிதர்களைவிட வண்டிகளை நேசிக்கிறவர் என்று லேப்காரர் புரிந்துகொண்டார். மரியாதை கூடியது.

"என்ன தொந்தரவு?" என்றார் டியூனரம்மா.

லேப்காரர் நோட்டைப் பிரித்து முதல் பக்கத்திலிருந்து படித்தார். படிக்கப் படிக்க டியூனரம்மாவின் உதடுகள் இறுகிக்கொண்டே வந்தன.

"அந்தப் பிளக்கைக் கழட்டினது யாரு?"

"காது."

"என்ன காது?"

"மெக்கானிக்."

"பெட்ரோல் அழுத்தத்தைக் குறைச்சது?"

"அதுவும் காது."

"கம்ப்யூட்டருக்குள்ள இருந்த இன்ஜின் மேப்பை அழிச்சுட்டுக் கண்ட குப்பையை ஏத்தினது?"

"அது மச்சினன்."

டியூனரம்மா கண்ணாடியைத் தலையிலிருந்து எடுத்து, துடைத்து, மறுபடி தலையிலேயே வைத்துக்கொண்டார். "வண்டி யார் பேர்ல இருக்கு?"

"என் மனைவி பேர்ல. ஏன் கேட்கறீங்க?"

"ஓ." அவரை ஏற இறங்கப் பார்த்தார். "வண்டி யார் பேர்ல இருக்கோ அவங்ககிட்ட மட்டுந்தான் நான் விவரம் பேசறது. இப்ப பார்த்துச் சரிபண்ணித் தரேன். ஆனா கேள்வி கேட்கக் கூடாது."

லேப்காரருக்குப் புல்லரித்தது. அவருடைய லேபிலும் அதே சட்டம்தான். ரிப்போர்ட் யாருடையதோ அவர் கையில்தான் கொடுப்பார், கட்டின கணவனே வந்து நின்றாலும் சரி. இந்தத் தொழிலிலும் இப்படி ஒருவரா!

"எப்ப கிடைக்கும்?"

"இன்னிக்கே முடிச்சாகணும்," என்றார் டியூனரம்மா, பல்லைக் கடித்துக்கொண்டு.

அதற்குப் பிறகு நடந்ததை லேப்காரர் ஒரு நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, வாயைத் திறந்தபடி பார்த்தார். ஸ்டியரிங்குக்குக் கீழே ஒரு வயர் மாட்டப்பட்டது. திரையில் எண்கள் ஓடின. காற்றுக் குழாயின் வாயை அடைத்து உள்ளே புகையை ஏற்றினார் டியூனரம்மா. அரை நிமிஷத்தில், காது கழற்றி மாட்டின இடத்திலிருந்து ஊதுபத்தி மாதிரி ஒரு மெல்லிய புகைக்கோடு எழுந்தது.

"எக்ஸ்ரே!" என்றார் லேப்காரர்.

"குழாயைப் பிடிக்கிற கிளாம்ப்பை முறுக்கவே இல்லை. அதான் சீட்டி."

அதைவிட அவரை அசத்தியது அந்தக் கைகள். அடியில் மறைந்திருந்த நட்டைக் குனிந்துகூடப் பார்க்காமல் நேராகப் போய்ப் பிடித்தன. டர்போவின் அளவை அளக்காமலே சொன்னார். மூன்றாவது கியர் கொஞ்சம் பிடிக்கும் என்பதை ஓட்டிப் பார்ப்பதற்கு முன்பே சொன்னார்.

"பார்க்காமலே எப்படிம்மா சொல்றீங்க?"

"கைப்பழக்கம்."

இதல்லவா ஞானம் என்று நினைத்துக்கொண்டார் லேப்காரர். "அந்த இருமல் மட்டும் ஏன்னு சொல்லிடுங்க. அது ஒண்ணு தெரிஞ்சா போதும். நான் சாப்பிட்டுத் தூங்குவேன்."

டியூனரம்மாவின் முகம் முதல்முறையாக இளகியது. கழற்றின பிளக் ஒன்றை லேப்காரரின் உள்ளங்கையில் வைத்தார். "இது பந்தயத்துக்குப் போடற பிளக். நல்லா விரட்டினாத்தான் சூடேறும். அந்தச் சூட்டுலதான் தன் மேல இருக்கிற கரியைத் தானே எரிச்சுக்கும். நாப்பதுல உருட்டினா கரி ஏறி இருமத்தான் செய்யும்."

லேப்காரர் பிளக்கை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். இத்தனை வாரமாக விடை தெரியாத 'ஏன்' இவ்வளவு சின்னதாகக் கைக்குள் அடங்கிவிட்டது. "அப்ப வண்டிக்கு வியாதி?"

"வியாதியே இல்லை."

"அப்ப மீட்டர்..."

அவர் கேட்டு முடிப்பதற்குள் டியூனரம்மா வண்டிக்குள் ஏறி, உருளைகள் மேல் முழு வேகத்தில் மிதித்துவிட்டார். கிடங்கின் தகரக்கூரை அதிர்ந்தது. இருமல் இல்லை, சீட்டி இல்லை. அடிவயிற்றிலிருந்து கிளம்பி, ஏறி, மேலும் ஏறி, ஒரே இழையாக நிற்கும் ஒரு குரல். திரையில் வளைவு கோணாமல் எழுந்தது. லேப்காரருக்குக் கண் கலங்கிவிட்டது. தன் வண்டிக்கு இப்படி ஒரு குரல் இருப்பது இவ்வளவு நாளும் அவருக்குத் தெரியாது.

சத்தம் அடங்கியதும் கேட்டார். "ஒரு ரிப்போர்ட் எழுதித் தர முடியுமா?"

டியூனரம்மா ஒரு தாளை இழுத்து மூன்று வரி எழுதினார். 'நோய்: இல்லை. காரணம்: வெளியாள் கை வைத்தது. சிகிச்சை: இனிமேல் கை வைக்காமல் இருப்பது.'

லேப்காரர் இரண்டுமுறை படித்து, மடித்து, சட்டைப்பையில் பத்திரப்படுத்தினார். "இதை நேரா கொண்டுபோய் அந்தக் காதுகிட்ட காட்டறேன்."

"எதுக்கும் முதல்ல வீட்டுல காட்டுங்க," என்றார் டியூனரம்மா.

சந்தோஷத்தில் வண்டியை மெதுவாக, மிக மெதுவாக, வாசலை நோக்கி நகர்த்தினார் லேப்காரர். அப்போதுதான் வெளியிலிருந்து இரண்டு புது டயர்களை உருட்டிக்கொண்டு வந்த டயர்க்காரர், மஞ்சள் வண்டியைக் கண்டதும் கையைக் காட்டி நிறுத்தினார். லேப்காரர் கண்ணாடியை இறக்கினார். டயர்க்காரர் குனிந்து, முகம் முழுக்கச் சிரிப்போடு சொன்னார்:

"வண்டிக்கார அக்கா டிரைவர் வச்சுட்டாங்களா, நல்லதாப் போச்சு அண்ணே... நாளைக்குப் பந்தயத்துக்கு டயர் வந்துடுச்சுன்னு அவங்ககிட்ட சொல்லிடுங்க, அப்புறம் அவங்க வீட்டுல யாரோ ஒருத்தர் வண்டியை நோண்டிக்கிட்டே இருக்காராமே, இந்த ஒரு கோப்பையையும் ஜெயிக்கிற வரைக்கும் அவரை மட்டும் கொஞ்சம் கட்டிப்போடச் சொல்லுங்க!"